மூன்றாம் துளையின் நீலம்

காப்பெல், டெக்சாஸ்
22 ஜனவரி 1994

அம்மிணி வான்மதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மூக்கும் காதும் குளிரில் உதிராமல் என்னோடுதான் வந்திருக்கின்றன, விமானத்திலேயே தடவிப் பார்த்துக்கொண்டேன். உன் நியூ ஜெர்சியில் பத்து நாள் போட்ட அந்த மெத்தை கோட்டோடு நான் இறங்கியதைப் பார்த்து மகிழன், "என்னம்மா, கரடி மாதிரி வர்றே?" என்றான். "பெத்தவ கரடின்னா நீ என்னடா?" என்றேன். மருமகள் ரோஷினி சிரித்துவிட்டாள். உன் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "உம்" கொட்டுவதோடு சரி. உன் அண்ணனும் அதே சாதிதான். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று நீ படிக்கப் போனாய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நவம்பரில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு நின்றது. நீ டல்லஸில் இறங்கியபோது அவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போயிருந்தார். அந்தப் பெட்டி இன்னும் கராஜில் பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மகிழனுக்கு விசாக் காகிதம் வரும்வரை நாட்டை விட்டு நகரக் கூடாதாம். வந்த பிறகு பவானிக்குக் கொண்டுபோய்க் கரைப்பானாம். ரோஷினிக்கு ஏழாம் மாதம். கரைக்காத சாம்பலை வைத்துக்கொண்டு பிள்ளை பெறுகிற வீடு எங்கேயாவது உண்டா? சொன்னால், "அத்தை, அதெல்லாம் பாக்காதீங்க" என்கிறாள்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் நீ பெரிய விஞ்ஞானி என்று நினைத்திருக்கிறார்கள். நான்தான் நேரில் பார்த்துவிட்டேனே! ஏரி மேல் உறைந்த ஐஸில் ஐந்து துளை. கயிற்றில் பாட்டில் கட்டி உள்ளே இறக்குவது. ஒரு பாட்டில் சும்மா கண்ணாடி, இன்னொன்றுக்குக் கறுப்புச் சட்டை. மறுநாள் தூக்கி, வெளிச்சத்தில் இருந்தவன் எவ்வளவு மூச்சு விட்டான், இருட்டில் இருந்தவன் எவ்வளவு மூச்சைத் தின்றான் என்று எழுதிக்கொள்வது. அதுவும் கண்ணுக்கே தெரியாத பூச்சி! கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னால் ஓடிப்போனவள், யார் வீட்டுக் குழந்தைக்கோ மூச்சு எண்ணுகிறாய்.

ஆனால் அந்த ஏரி எனக்குப் பிடிக்கவில்லை. அது கத்தியதே, கேட்டாயா? காணும் பொங்கலன்று நீ என்னை ஐஸ் மேல் கூட்டிப்போனபோது, காலுக்கு அடியில் யாரோ பெரிய கதவை இழுத்துச் சாத்தியது மாதிரி. "ஒண்ணுமில்ல அண்ணி, ஐஸ் வளருது" என்றாய். வளர்கிறவன் எதற்கு அழ வேண்டும்?

கரை வீட்டு ஷ்யாமளா மாமியையும் கஸ்தூரிரங்கன் சாரையும் கேட்டதாகச் சொல். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டை உனக்கு வாடகைக்குக் கொடுத்ததோடு, உன் வயிற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். மாமி எழுதித் தந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பக்குவம் என் பையில் பத்திரமாக இருக்கிறது.

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்த மூன்றாம் துளை மூடிக்கொண்டதா? நூறடி ஆழத்துக்குப் போனது மேலே வருமா, அங்கேயே கிடக்குமா?

உன் அண்ணி,
மரகதம்


ஸ்டில்மேன் ஏரி, நியூ ஜெர்சி
30 ஜனவரி 1994

அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். துளை ஒரே நாளில் மூடிக்கொள்ளும். வாராவாரம் அதே இடத்தில் மறுபடி துளைக்கிறேன். அடிக்குப் போனது மேலே வராது. எதற்குக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. எதையாவது போட்டுவிட்டீர்களா? கண்ணாடியா?

நீங்கள் போன பிறகு இங்கே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இந்த வருடம் காற்று ஐஸ் மேல் விழுந்த பனியை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஐஸ் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வெளிச்சம் நேராக உள்ளே இறங்குகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு சொட்டில் நூற்றுக்கணக்கில் பொன்னிற உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் பல உயிர்கள் சேர்ந்தது, ஒவ்வோர் உயிருக்கும் நீந்தச் சாட்டை மாதிரி இரண்டு வால். எல்லாம் சேர்ந்து உருண்டுகொண்டே போகின்றன. ஐந்து துளைகளிலும் தண்ணீர் இப்போது தேன் நிறம். வெளிச்ச பாட்டிலை மேலே தூக்கினால் சோடா பாட்டில் மாதிரி குமிழி. ஐந்து வருடமாக அளக்கிறேன், கோடையில்கூட இந்த ஏரி இப்படி விளைந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்றீர்கள். இப்போது கண்ணுக்கே தெரிகிறது.

வெள்ளரிக்காய் வாசம் அடிக்கிறது. அந்த உயிரின் வாசம் அது. உறுதி செய்ய மூன்றாம் துளைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெள்ளரிதான், கடைசியில் கொஞ்சம் கசப்பு.

எனக்குப் பிடிக்காத விஷயம் வேறு. தண்ணீரில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அமிலத்தில் காய்ச்சி, மருந்து விட்டால் நீலமாகும். பாஸ்பரஸ் அதிகமிருந்தால் நீலம் அதிகம். நான்கு துளைகளின் தண்ணீரும் வெளிறிய நீலம், எப்போதும் போல. மூன்றாம் துளையின் அடித்தண்ணீர் மட்டும் பேனா மை மாதிரி ஆகிவிட்டது. தவறு என்று நினைத்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் மை. அடியில் வெள்ளையாக ஏதோ பொடியும் வருகிறது.

இப்படி வர ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: கரையில் யார் வீட்டுச் செப்டிக் டேங்கோ ஏரிக்குள் கசிகிறது. மூன்றாம் துளைக்கு மிக அருகில் இருக்கும் வீடு கஸ்தூரிரங்கன் அங்கிளுடையது.

கோடையில் ஊருக்குக் குடிதண்ணீர் போதாவிட்டால் இந்த ஏரியிலிருந்துதான் எடுப்பார்கள். ஆகவே ஊர் நிர்வாகத்துக்கு நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டு ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வான்மதி


காப்பெல்
7 பிப்ரவரி 1994

அம்மிணிக்கு,

உன் கடுதாசி மத்தியானம் வந்தது. சோற்றில் கை வைத்தபடியே படித்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். ரோஷினி, "என்ன அத்தை, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏண்டி, படித்தவள்தானே நீ? கண்டதையும் நாக்கில் வைப்பாயா? தவழுகிற குழந்தைதான் மண்ணை எடுத்து வாயில் போடும். இனிமேல் அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதே. மூன்றாம் துளை மட்டுமில்லை, எந்தத் துளையும் வேண்டாம். என் மேல் சத்தியம்.

அந்தச் செப்டிக் டேங்க் சமாச்சாரத்தில் அவசரப்படாதே. உலகத்தில் வெள்ளைப் பொடி எத்தனையோ. கோலமாவு வெள்ளை, விபூதி வெள்ளை, ரோஷினி முகத்துக்குப் பூசுவது வெள்ளை. எல்லாம் கக்கூஸிலிருந்தா வருகிறது? அந்த மனுஷன் தன் வீட்டை எப்படி வைத்திருக்கிறார், பார்த்தாயில்லையா? செருப்பு வைக்கவே கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டுப் பீ கோடு தாண்டுமா?

சிரித்தாயா? சிரி. சிரித்துவிட்டு, அந்த அறிக்கையை இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கொடு. நான் சொன்னதாக வைத்துக்கொள். காரணம் கேட்காதே.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. அந்த ஏரியின் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மரகதம்


ஸ்டில்மேன் ஏரி
17 பிப்ரவரி 1994

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் தேதி தொடங்கி நான்கு நாள் பனி கொட்டியது. ஐஸ் மேல் முழங்கால் அளவு. கண்ணாடி ஜன்னலுக்கு யாரோ கம்பளி போட்டு மூடியது போல ஆகிவிட்டது. கீழே ஒரு துளி வெளிச்சம் இல்லை. மூன்று வாரமாகப் பெருகிய அத்தனை கோடி உயிரும் இருட்டில் மாட்டிக்கொண்டன. இப்போது வெளிச்ச பாட்டிலும் இருட்டு பாட்டிலும் ஒரே எண்தான் காட்டுகின்றன. இரண்டிலும் எதுவும் விளையவில்லை, மூச்சு மட்டும் குறைகிறது. செத்தவை அடிக்கு இறங்குகின்றன, அவற்றைத் தின்ன பாக்டீரியா பெருகுகிறது, அது இருக்கிற மூச்சையும் குடிக்கிறது. நேற்று நான்காம் துளையைத் திறந்ததும் ஒரு மீன் தானாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கையால் எடுத்தேன். துள்ளவில்லை. அழுகிய முட்டை வாசம் அடித்தது.

ஊர் நிர்வாகம் அங்கிள் வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டது. ஏப்ரல் ஒன்றுக்குள் டேங்க் கசியவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது தோண்டி எடுத்துப் புதிது போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது. மண் நான்கடிக்கு உறைந்து கிடக்கிறது. யார் தோண்டுவது?

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"வான்மதி, இந்த டேங்க் நான் டிசைன் பண்ணினது. முப்பது வருஷம் இஞ்சினியரா இருந்தவன் நான். லீக் ஆறதுன்னு நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல அங்கிள். நான் பாத்தது தண்ணிய மட்டும்தான்."

"தண்ணி என் பேரைச் சொல்லித்தா?"

ஷ்யாமளா ஆன்ட்டி சமையலறையிலிருந்து, "விடுங்கோன்னா, அவ வேலை அது" என்றார்.

"நம்ம ஆத்துல சாப்டுண்டு நம்மளையே எழுதிக் குடுத்திருக்கா. இதுவும் வேலையா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். எண்கள் அப்படி இருக்கின்றன. ஆனால் ஒன்று என்னைக் குடைகிறது. டேங்க் கசிந்தால் உப்பும் ஏற வேண்டும், மனிதக் குடலில் இருக்கும் கிருமியும் வர வேண்டும். இரண்டும் இல்லை. வெறும் பாஸ்பரஸ் மட்டும் எங்கிருந்து வரும்?

இப்போது அவர் ஒரு பச்சைச் சாயம் வாங்கி வந்திருக்கிறார். பிளம்பர்கள் பயன்படுத்துவது. தினமும் அதைக் கக்கூஸில் கொட்டுகிறார். கசிந்தால் என் துளைகளில் பச்சையாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் கம்பை ஊன்றிக்கொண்டு ஐஸ் மேல் நடந்து வந்து, மூன்றாம் துளையில் படிந்த புது ஐஸை அதே கம்பால் குத்திவிட்டுக் குனிந்து பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் "பச்சை இல்லை" என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு போகிறார். அறுபத்தெட்டு வயது. என்னைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் திருப்பல் எனக்குப் பழக்கமானதுதான்.

நீங்கள் ஏன் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னீர்கள்?

வான்மதி


காப்பெல்
24 பிப்ரவரி 1994

அம்மிணி,

இந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்து நான்கு நாளாகிறது. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். ஒரு தடவை எதிரே மகிழன் உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை யாருமே இல்லை, ஆனாலும் வைத்துவிட்டேன். வாயாடி என்று பேர் எடுத்தவளுக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு எழுத்துதான் வருகிறது.

அந்த வெள்ளைப் பொடி உன் அண்ணன்.

பயந்துவிடாதே, முழுக்கப் படி. உன்னிடம் வரும்போது கராஜில் இருந்த பெட்டியைத் திறந்து, பாதியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஊறுகாய் என்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். நம்மூரில் எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் தருவார்கள், இதுதான் கை, இதுதான் கால் என்று தெரியும். இங்கே எல்லாவற்றையும் அரைத்து ரவை மாதிரி தந்திருந்தார்கள். அதனால்தான் எடுக்க மனசு வந்தது. ஆளாகத் தெரிந்திருந்தால் கை வந்திருக்காது.

காணும் பொங்கலன்று நீ பாட்டரி எடுக்கக் கரைக்குப் போனாயே, அப்போதுதான். மூன்றாம் துளையில் கொட்டினேன். மேலே ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கலும் போட்டேன், டாக்டர் இனிப்பு வேண்டாம் என்று அவரை இரண்டு வருஷம் காயப்போட்டிருந்தார். சாம்பல் கொஞ்ச நேரம் துளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கிவிட்டது. நீ வந்து, "என்ன அண்ணி, ஏரிகிட்ட என்ன பேசறீங்க?" என்று கேட்டாய். "உன்னைப் பத்திக் கோள் சொல்றேன்" என்றேன். ஞாபகமிருக்கிறதா?

ஏன் செய்தேன் என்று கேட்பாய். ரோஷினி வயிற்றுப் பிள்ளைக்காக என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம். மீதிப் பாதி உனக்குத் தெரிய வேண்டும். நவம்பர் மாதம் ஆஸ்பத்திரியில் அவர் நினைவோடு இருந்த கடைசி மத்தியானம், "வான்மதி நியூ ஜெர்சிலதான இருக்கா, எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "ஏன், இப்பப் போய்ப் பேசப் போறீங்களா?" என்று கேட்டேன். எப்போதும் போல நான் கிண்டல் பண்ணினேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. நீ தினமும் பார்க்கிற தண்ணீரில் அவர் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருந்தால் சோதனை கெட்டுப்போகும், வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அதனால் கேட்கவில்லை. அது உன் நாக்கு வரை வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சாம்பலில் அந்த மருந்தை நீலமாக்குகிற சங்கதி இருக்குமா என்று மகிழனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "எலும்புல பாஸ்பரஸ்தாம்மா இருக்கு, ஸ்கூல் புள்ளைக்கே தெரியுமே" என்றான்.

ஆக, அந்த மாமி வீட்டில் எந்தத் தப்பும் இல்லை. நீ போய்ச் சொல்லிவிடு. என்னைத் திட்டி ஒரு கடுதாசி போடு. மகிழனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், கொஞ்ச நாள் போகட்டும்.

மரகதம்


ஸ்டில்மேன் ஏரி
4 மார்ச் 1994

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. அன்றே மூன்றாம் துளையின் அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த பொடியைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன். அதற்கு மேல் அன்று எதுவும் செய்யவில்லை.

உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இல்லை. அவர் தூரம் கேட்டார் என்பதை மூன்றரை மாதம் வைத்திருந்து, ஒரு சோதனைத் தவறுக்கு நடுவில் எழுதுகிறீர்கள்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள்.

ஏரி செத்ததற்கு அண்ணன் காரணமில்லை. அரைப் பெட்டிச் சாம்பல் அந்த ஒரு துளையின் அடியில்தான் கிடக்கிறது. விளைச்சல் ஐந்து துளையிலும் ஒன்றாக வந்தது. கண்ணாடி ஐஸும் வெளிச்சமும் சேர்ந்து செய்த வேலை அது, வேறு எதுவும் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது இருக்கிறது என்பதுதான் பயம். ஆனால் அங்கிள் வீட்டுக்கு எதிராக இருந்தது மூன்றாம் துளையின் நீலம் மட்டும்தான். அது இல்லையென்றால் அவர் மேல் எதுவும் இல்லை.

இது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லக் கூடாது.

என் சோதனைக் குழியில் என் அண்ணியே சாம்பலைக் கரைத்தார் என்று எழுதிக் கொடுத்தால், ஐந்து வருட எண்களையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். ஏப்ரலில் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். கிரீன் கார்டு அந்த வேலையோடு கட்டியிருக்கிறது. நாற்பது வயதில் நான் எங்கே போய் நிற்பது? எந்த மாப்பிள்ளை, எந்த அண்ணன், எந்த வீடு? எனக்கு இருப்பது இந்த ஏரி ஒன்றுதான்.

ஏப்ரலில் ஐஸ் போய்விடும். தண்ணீர் கலந்துவிடும். மே மாதம் மறுபடி அளந்து, "இப்போது சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதுவரை அவர்கள் எடிசன் ஊரில் மகள் வீட்டில் இருக்கலாம். இரண்டு மாதம்தான். ஆன்ட்டி இப்போதே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அவர் இன்னும் ஐஸ் மேல் வருகிறார், அதுதான் கவலை. ஐஸ் கெட்டுக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டுக்கு நேர் எதிரே கரையிலிருந்து அறுபது அடிக்குக் கறுத்துவிட்டது, மேலே தண்ணீர் நிற்கிறது. வடக்குப் பக்கம் மட்டும் கெட்டி. அந்த வழியாகச் சுற்றி வரக் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். வர வேண்டாம் என்று சொன்னதற்கு, "வீடு போனப்புறம் நான் எங்க நடந்தா உனக்கென்ன?" என்று கேட்டார். தினமும் பன்னிரண்டு மணிக்கு. "பச்சை இல்லை" என்று நோட்டில் பதினேழு வரி சேர்ந்துவிட்டதாம். ஆன்ட்டி சொன்னார்.

பதில் எழுத வேண்டாம். இதைக் கிழித்துவிடுங்கள்.

வான்மதி


காப்பெல்
12 மார்ச் 1994, சனிக்கிழமை

வான்மதி,

உன் கடுதாசியைப் புதன்கிழமையே படித்தேன். கிழிக்கவில்லை. மூன்று நாள் அதைப் புடவை மடிப்பிலேயே வைத்திருந்தேன். உன் பயம் எனக்குப் புரிந்தது. உன்னைக் கேட்காமல் நான் செய்த வினைக்கு நீ ஏன் வேலையை இழக்க வேண்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அந்த மாமி பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றுவது கண் முன்னாலேயே நின்றது. அதைவிட, அந்த மனுஷன் குனிந்து பார்க்கிறாரே, அது. இல்லாத பச்சையைத் தேடி, தினமும் உன் அண்ணன் தலைக்கு மேலே நின்று.

இன்று மகிழனும் ரோஷினியும் கடைக்குப் போனார்கள். ஊறுகாய்ப் பக்குவத் தாளில் மாமி நம்பர் எழுதியிருந்தாள். போன் பண்ணினேன். உங்கள் ஊரில் அப்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும்.

"யாரு, மரகதமா? சௌக்கியமா இருக்கியா? பேரனா பேத்தியா?"

"இன்னும் நாள் இருக்குதுங்க மாமி. நான் ஒண்ணு சொல்லோணும். உங்க டேங்க் கசியலைங்க. வான்மதி பாத்தது எங்க வீட்டுக்காரரோட சாம்பல். நான்தான் கொட்டினேன், அவளுக்குத் தெரியாம."

"என்ன சொல்றே நீ?"

எல்லாம் சொன்னேன். ஹார்லிக்ஸ் பாட்டில் முதற்கொண்டு. உனக்கு எப்போது தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. திட்டட்டும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மாமி திட்டவில்லை. "நாலு வாரமா அவர் சரியாச் சாப்பிடலை, தெரியுமோ?" என்றாள். "இதை அவர் காதால கேக்கணும், மரகதம். நீயே சொல்லு. அங்கதான் நிக்கறார், ஜன்னல்லேர்ந்து தெரியறது. வெச்சுடாதே, இரு, கூப்பிடறேன்."

போனை மேசை மேல் வைத்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. காற்று.

"ஏன்னா! வாங்கோ! நம்ம டேங்க் இல்லையாம்!"

தூரத்தில், "என்னது?"

"நம்ம டேங்க் இல்லையாம்! மரகதம் போன்ல இருக்கா! நம்ம மேல தப்பே இல்லையாம்!"

அவர் சிரித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து, இங்கே டெக்சாஸில் என் காதுக்குக் கேட்கிற மாதிரி. செருப்புக்குக் கோடு போடுகிற மனுஷன் அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைத்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன்.

பிறகு மாமி, "மெதுவா வாங்கோ" என்றாள். "குச்சிப் பக்கமா வாங்கோ. ஏன்னா, நேரா வராதீங்கோ. சுத்தி வாங்கோ. சுத்தி, சுத்தி வாங்கோன்னா!"

அதற்கப்புறம் அவள் சொன்னதில் வார்த்தை எதுவும் இல்லை.

நான் போனை வைக்கவில்லை. "மாமி, மாமி" என்று கத்தினேன், மேசைக்குத்தான் கேட்டிருக்கும். நாய் குரைத்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, வண்டிகள் வந்து நின்றன. ஆம்பளைக் குரல்கள், இங்கிலீஷில். கயிறு என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தெரிந்தது, நீ சொல்லிக் கொடுத்த வார்த்தை. ஒருவன் உள்ளே வந்து போனை எடுத்து "ஹலோ" என்றான். எனக்கு அவனிடம் சொல்ல என்ன பாஷை இருக்கிறது? வைத்துவிட்டான்.

மகிழன் திரும்பி வந்தபோது நான் அதே இடத்தில் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். அப்பாவைப் பாதியாக்கிவிட்டாயே என்று கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் போனை எடுத்து உன் நம்பரைப் போட ஆரம்பித்தான். மூன்று மணி நேரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். நீ எடுக்கவில்லை. மாமி வீட்டிலும் எடுக்கவில்லை. அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்களா, மூச்சு இருந்ததா, எதுவும் எங்களுக்குத் தெரியாது.

நான் பிப்ரவரியில் போனை எடுத்தேனே, யாருமே இல்லாத அந்தத் தடவை, அப்போது சொல்லியிருந்தால் ஐஸ் கெட்டியாக இருந்திருக்கும். இன்று சொல்லாமல் இருந்திருந்தால் குச்சி வழியாகவே நடந்து திரும்பி வந்திருப்பார். இரண்டையும் நான்தான் செய்தேன். நீ சொல்லாதே என்று எழுதியதை இதில் சேர்க்காதே, யாரிடமும் அதைச் சொல்லவும் மாட்டேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்வதும் விடுவதும் உன் பாடு.

இந்தக் கடுதாசியைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை விமானத்துக்கு மகிழன் டிக்கெட் வாங்கிவிட்டான். கையோடு கொண்டு வருகிறேன், ஏனென்றால் உன் வாசலில் நின்று இதையெல்லாம் வாயால் சொல்ல என்னால் முடியாது. நீ படித்து முடி. பிறகு என்னை உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, மாமி வீடு வரைக்கும் கூட நடந்து வா. வழி எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒருத்தர் இருந்தால்தான் கதவைத் தட்டக் கை எழும்.

மரகதம்